கெத்துருனான் உண்டா?

லத்தீன் மொழியில் லூபஸ் என்றால் ஓநாய் என்று பெரிய டாக்டர் எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, சொன்னதைத் தானே ரசித்துச் சிரித்தார். எனக்கு அப்போது மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை. இழுத்தால் விலாவுக்குள் கத்தி செருகியது போல் வலித்தது. அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் நோயாளியின் முழுநேர வேலை காத்திருப்பது. டாக்டருக்கு, ஊசிக்கு, கோலாலம்பூருக்கு அனுப்பிய ரத்தத்தின் முடிவுக்கு, படித்தவர்கள் சிரித்து முடிப்பதற்கு.

இப்போது நன்றாக இருக்கிறேன். காலையில் என் தலையை நானே பின்னிக்கொள்கிறேன். மாடிப்படியில் நிற்காமல் ஏறுகிறேன். யாருக்கும் ஆறுதல் சொல்வதற்காக இதை எழுதவில்லை. என் உடம்பைப் பற்றி என்னைவிடக் குறைவாகத் தெரிந்தவர்கள் அதைப் பற்றி நிறையப் பேசிவிட்டார்கள். இது என் முறை.

நான் பாலிடெக்னிக்கில் படித்தவள். ஜெலாப்பாங்கில் ரப்பர் கையுறை செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஆய்வுக்கூட டெக்னீஷியன். கையுறைக்கான ரப்பர் பால் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது பாதி வேலை. மீதிப் பாதி, பாய்லர் தண்ணீர். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் பாய்லரின் இரும்பைத் தின்றுவிடும். அந்த ஆக்சிஜனைத் தின்ன ஹைட்ரஜீன் என்ற ஒரு ரசாயனத்தை ஊற்ற வேண்டும். பார்க்கத் தண்ணீர் போலவே இருக்கும். மூக்கைக் குடையும் வாடை. பெரிய பீப்பாயிலிருந்து பிளாஸ்டிக் ஜாடியில் பிடித்து, தொட்டிக்கு மேலே குனிந்து ஊற்ற வேண்டும். பாதுகாப்புக்கு ஒரு துணி முகமூடி தந்திருந்தார்கள். அதைத் துவைத்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. பாய்லருக்குத் துருப்பிடிக்கக் கூடாது என்று கம்பெனிக்கு இருந்த அக்கறையில் கொஞ்சம் எங்களுக்கும் மிஞ்சியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே இடமில்லை.

முதலில் விரல்கள். காலையில் பல்துலக்கும் பிரஷைப் பிடிக்க முடியாது; பத்து மணிக்கு மேல் சரியாகிவிடும். பிறகு மணிக்கட்டு, முழங்கால். பிறகு சாயங்காலக் காய்ச்சல். கம்பெனி அனுப்பும் கிளினிக்கில் வாதம் என்றார்கள். அடுத்த தடவை போனபோது அதே டாக்டர் வைரஸ் என்றார். மூன்றாம் தடவை, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். மருத்துவம் தீர்ந்துபோகும் இடத்தில் அந்தக் கேள்வி தொடங்கும் என்பதை அன்று குறித்துக்கொண்டேன்.

மூச்சு வலி வந்த அன்று அப்பா என்னை டாக்சியில் ஈப்போவில் உள்ள ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அப்பா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு ஈப்போவுக்கு வந்து, இப்போது ஒரு கிடங்கில் ஜாகா வேலை, அதாவது காவல். எல்லாம் கெட்டுப்போனது அன்று கவுண்டரில்தான். கெடுத்தது ஒரு சொல்.

மலாயில் கெத்துருனான் என்றால் வம்சம். பூர்த்தி செய்யும் பாரத்தில் அந்தச் சொல் இருந்தால் நீ எந்த இனம் என்று கேட்கிறார்கள். மலாய், சீனர், இந்தியர். அதே சொல்லை டாக்டர் சொன்னால், இந்த நோய் உன் குடும்பத்தில் இருக்கிறதா என்று அர்த்தம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸர் எந்த நோய்க்கும் அந்தக் கேள்வியைக் கேட்பாராம். அப்பாவுக்கு அந்த அர்த்தம் மட்டும்தான் தெரியும்.

கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்: "கெத்துருனான்?"

அப்பா பதறிப்போனார். "தாக் ஆடா, சிக்! எங்க குடும்பத்துல தாக் ஆடா!" இல்லவே இல்லை, அம்மணி என்கிறார். ஆடா என்றால் உண்டு; தாக் ஆடா என்றால் இல்லை.

அவள் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள். பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டு அதைச் சொல்லி, அவளும் சிரித்தாள். "எல்லா மனுசனுக்கும் கெத்துருனான் இருக்கும், பாச்சிக். உங்களுக்கு மட்டும் எப்படி இல்லாமப் போகும்? இந்தியாதானே?"

"இந்தியா, இந்தியா" என்றார் அப்பா, காது சிவந்து. என்னிடம் திரும்பி மெதுவாக, "கேட்டா ஆடான்னு சொல்லணுமாம்மா. நமக்கு எங்க தெரியுது" என்றார்.

பாடம் படித்துக்கொண்டுவிட்டார். வார்டில் பெரிய டாக்டர் பின்னால் ஒரு கூட்டத்தை இழுத்துக்கொண்டு வந்து, என் விரல்களை அமுக்கிப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கட்டில் ஓரம் நின்ற அப்பாவைப் பார்த்து, "ஆடா கெத்துருனான்?" என்றார்.

"ஆடா, துவான்" என்றார் அப்பா, கம்பீரமாக. "ஆடா."

குடும்பத்தில் இந்த நோய் உண்டு என்று என் தாளில் ஏறியது. எனக்குக் காது கேட்டது. பேச மூச்சு இல்லை. யாருக்கு, எந்த உறவுக்கு என்று பெரிய டாக்டர் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. தோட்டத்துக்காரன் ஒருவன் தன் ரத்தம் கெட்டது என்று சொன்னால் அதற்கு மேல் என்ன விசாரிக்க இருக்கிறது?

லூபஸ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு யாரும் உடனே சொல்லவில்லை. கிருமியை அடிக்க வேண்டிய நம் வெள்ளை அணுக்கள், நம் உடம்பையே அன்னியம் என்று நினைத்து அடிக்கும். மூட்டு, நுரையீரலைச் சுற்றிய சவ்வு, தோல், சிறுநீரகம், எதையும். ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஒரு வெள்ளை அணு செத்துப்போன இன்னொரு அணுவின் நடுக்கருவை விழுங்கி வயிறு உப்பி நிற்பது தெரியும். என் ரத்தத்தில் தெரிந்தது. மருந்து, ஸ்டீராய்டு மாத்திரை. வலி அடங்கியது. முகம் பௌர்ணமி நிலா மாதிரி வீங்கியது. உப்பு கூடாது என்றார்கள். அம்மா வீட்டுக்கே உப்பை நிறுத்திவிட்டாள். "தனியா சமைக்க எனக்குக் கை வலிக்குது" என்று காரணம் சொன்னாள். அம்மாவுக்குக் கை வலித்து நான் பார்த்ததில்லை.

பார்க்க வந்தவர்களைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. ஆரஞ்சோடு வந்தவர்கள், பிரார்த்தனையோடு வந்தவர்கள், தங்களுக்கு வந்த நோயோடு வந்தவர்கள். அத்தை ஒருத்தி கட்டில் அருகில் நின்று, நான் தூங்குகிறேன் என்று நினைத்து அம்மாவிடம் கேட்டாள்: "பரம்பரைன்னு எழுதியிருக்காமே அண்ணி. உங்க பக்கமா, எங்க பக்கமா?"

"ரெண்டு பக்கமும் வாய்தான் பரம்பரை" என்றாள் அம்மா.

கம்பெனியில் ஆள் விவகாரம் பார்க்கும் பெர்சனல் ஆபீசர் துரைசிங்கம் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். சிலோன்காரர், ஆபீசில் ஆங்கிலம்தான் பேசுவார். ஆளை அமுக்க வேண்டுமானால் தமிழுக்கு இறங்குவார்.

"பிள்ளை, மனசை விடாதையும். நாங்கள் விசாரிச்சனாங்கள். இது பரம்பரை வருத்தம் எண்டு இங்கயே எழுதி இருக்குது. கம்பெனி என்ன செய்யிறது? உங்கட ஆக்களுக்கு இதெல்லாம் இருக்கிறதுதானே. கள்ளு, சொந்தத்துக்குள்ள கலியாணம்..."

அப்பா கள்ளைத் தொட்டதில்லை. அம்மா பாகான் செராய் வயல்காட்டிலிருந்து வந்தவள். இரண்டு பேருக்கும் எந்த உறவும் கிடையாது. இதையெல்லாம் சொல்லவில்லை. விளக்கம் தகுதியானவர்களுக்கு.

"ஹைட்ரஜீன்?" என்று மட்டும் கேட்டேன்.

"நீர் அந்தப் பீப்பாயை விட்டு ஒண்டரை மாதம் ஆச்சுது. இன்னும் காய்ச்சல் நிக்கேல்லை. பீப்பாய்தான் காரணம் எண்டால் நிண்டிருக்க வேணும் எல்லோ? சைத்தோன் உம்மட வேலையைத்தான் பாக்கிறா. நல்லாத்தானே இருக்கிறா."

அப்போதுதான் கணக்கு எனக்கு முழுதாகத் தெரிந்தது. பரம்பரை என்றால் கம்பெனிக்குப் பொறுப்பில்லை. வேலைக்குத் தகுதியில்லாதவள் என்று என்னை அனுப்பிவிடலாம். பீப்பாய் இருந்த இடத்தில் இருக்கும். என் இடத்தில் சைத்தோன் குனிந்து நிற்பாள்.

சைத்தோன் எனக்கு அடுத்த மேசை. நாங்கள் மலாயில் பேசிக்கொள்வோம். இங்கே தமிழில் எழுதுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப் பையோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்து, "அடியே, யார் உன்னைக் காத்தடிச்சு விட்டது?" என்றாள். வார்டே திரும்பிப் பார்க்கச் சிரித்தோம். பிறகு ஒரு பழத்தை எடுத்து உரிக்கப் போனாள். உரிக்கவில்லை. உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"நீயே உரிச்சுக்க ராணி. நான் நகம் வெட்டிட்டேன்."

அவள் விரல் முட்டிகளைப் பார்த்தேன். பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

"எத்தனை நாளா?"

"காலையில மட்டும்தான். சொல்லிடாத லா. எனக்கு ரெண்டு பிள்ளைங்க. உன்னை பரம்பரைன்னு தள்ளின மாதிரி என்னையும் தள்ளிடுவாங்க."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்த ஆஸ்பத்திரியில் நான் மதித்த டாக்டர் ஒருவர்தான். சுமதி என்று பெயர். தைப்பிங்கில் பிறந்த சிலோன் குடும்பம், என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர் இருக்கலாம். பெரிய டாக்டரின் கூட்டத்தில் கடைசியில் நிற்பார். ஒரு மத்தியானம் தனியாக வந்து, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் டாக்டர் அவர். ஹைட்ரஜீன் என்றதும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார்.

"பிரஷருக்கு ஹைட்ரலஜீன்னு ஒரு மாத்திரை இருக்கு. அதை ரொம்ப நாள் சாப்பிட்டா சில பேருக்கு இதே மாதிரி லூபஸ் வரும். உங்க பீப்பாயில இருக்கிறது அதுக்குச் சொந்தக்காரன். விளங்குதா?"

"அப்ப விட்டதும் நிக்கணுமே. ஏன் நிக்கல? துரைசிங்கம் அதைத்தான் கேக்கிறார்."

"நான் சொல்றது இன்னும் முடிவாகாத விசயம். இப்பதான் பேசிக்கிறாங்க. எல்லாச் செல்லுக்குள்ளயும் ஒரே ஜீன்தான். எது வேலை செய்யணும், எது மூடி இருக்கணும்னு அதுமேல சின்னச் சின்ன ரசாயனக் குறி ஒட்டியிருக்கும். மெத்தில்னு சொல்வாங்க. செல் ரெண்டாப் பிரியறப்ப, அந்தக் குறியையும் காப்பி பண்ணிப் புதுச் செல்லுக்குக் கொடுக்கும். இந்த மருந்து அந்தக் காப்பியைக் கெடுக்குது போல."

நான் கண்ணை மூடி யோசித்தேன். எங்கள் தொழிற்சாலையில் மூடி வைக்க வேண்டிய வால்வில் சிவப்புச் சீட்டு தொங்கவிடுவோம். ஷிப்டு மாறும்போது சீட்டும் அப்படியே அடுத்த ஷிப்டுக்குப் போகும். யார் மாட்டியது, ஏன் மாட்டியது என்று அவர்கள் கேட்க மாட்டார்கள். சீட்டு இருந்தால் தொட மாட்டார்கள். யாராவது ஒருவன் சீட்டை அறுத்துவிட்டால்? வால்வு பழுதில்லை. குழாய் பழுதில்லை. ஆனால் அடுத்த ஷிப்டு திறந்துவிடும். அவர்களிடமிருந்து வாங்கிக்கொள்ளும் ஷிப்டும் திறந்துதான் வைத்திருக்கும். சீட்டை அறுத்தவன் வேலையை விட்டுப் போய் ஒன்றரை மாதம் ஆகியிருக்கும்.

இதைச் சொன்னேன். டாக்டர் சுமதி சிரித்தார். ஓநாய்ச் சிரிப்பு அல்ல.

"நான் படிச்சதைவிட இது நல்லா இருக்கு. ஆமா, அதான். உங்க வெள்ளை அணு அதோட அம்மாகிட்ட இருந்து வாங்கிக்கிட்டது. உங்க அம்மா அப்பாகிட்ட இருந்து இல்ல."

"என் பிள்ளைக்குப் போகுமா?"

"கருமுட்டை உண்டாகிறப்ப பழைய குறியெல்லாம் கழட்டிப் புதுசா மாட்டுதுன்னு நினைக்கிறாங்க. ஒண்ணுவிடாம கழட்டுதான்னு... தெரியல ராணி. யாருக்கும் தெரியல."

தெரியாது என்று ஒருவர் சொல்லி அந்த ஆஸ்பத்திரியில் கேட்டது அன்றுதான். ஸ்டீராய்டைவிட அது எனக்கு இதமாக இருந்தது. நான் புரிந்துகொண்டதைத் தாளில் எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். ஹைட்ரஜீனால் இருக்கலாம், விட்ட பிறகும் நீடிக்கலாம் என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டார். பெரிய டாக்டர் அதற்காக அவரை எல்லார் முன்னாலும் கடிந்தார். ஓநாயை வைத்துச் சிரித்த அதே வாய்.

அப்பாவுக்குத் தன் "ஆடா" என்ன செய்தது என்று இதற்குள் தெரிந்துவிட்டது. ஒரு நாள் கட்டிலோரம் உட்கார்ந்து, "என் வாயாலதானே உன் சோத்துல மண்ணு விழுந்துச்சு" என்றார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. என் வீங்கிய பாதத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வீடு திரும்பிய பிறகு, தொழிற்சாலைகளைப் பார்க்கும் அரசாங்க அலுவலகத்தில் விசாரணை. மேசைக்குப் பின்னால் நரைத்த ஒரு மலாய் அதிகாரி. ஓரத்தில் குறிப்பெடுக்கும் குமாஸ்தா. ஒரு பக்கம் துரைசிங்கம். மறுபக்கம் நான், அப்பா. குமாஸ்தா வழக்கப்படி ஒவ்வொருவரிடமும் விவரம் கேட்டான். பெயர், வேலை, கெத்துருனான்.

"சிலோனீஸ்" என்றார் துரைசிங்கம்.

குமாஸ்தா இந்தியா என்று எழுதிவிட்டான் போல. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "புக்கான் இந்தியா. சிலோனீஸ்" என்று, இந்தியா இல்லை என்பதை அழுத்திச் சொல்லி, எழுதியதை அடித்துத் திருத்த வைத்தார். அந்த உதவியை நான் மறக்க மாட்டேன்.

பிறகு அவர் என் நோயை விளக்கினார். தகப்பனாரே ஒப்புக்கொண்ட பரம்பரை நோய் என்றார். பீப்பாயை விட்டும் நிற்கவில்லை என்றார். அதே வேலையைப் பார்க்கும் சைத்தோன் நலமாக இருக்கிறாள், வெளியே உட்கார்ந்திருக்கிறாள், கூப்பிட்டுக் கேளுங்கள் என்றார்.

நான் எழுந்தேன், மூட்டு அனுமதித்த வேகத்தில். "துவான், சற்றுமுன் இவரிடம் கெத்துருனான் என்று கேட்டார்கள். இவர் தன் குடும்பத்து நோய்களைச் சொல்லவில்லை. சிலோனீஸ் என்றார். என் அப்பாவும் அதே சொல்லுக்கு அதே மாதிரிதான் பதில் சொன்னார்."

அதிகாரி அப்பாவைப் பார்த்தார். "பாச்சிக், அன்னைக்கு எதை ஆடான்னு சொன்னீங்க?"

"இந்தியா, துவான்" என்றார் அப்பா. "இந்தியாதான் லா. வேற என்னா?"

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சிரிப்பை மறைக்கிறார் என்று நினைக்கிறேன். துரைசிங்கம் சிரிக்கவில்லை.

சிவப்புச் சீட்டைப் பற்றியும் சொன்னேன். சுமதி எழுதிய தாளையும் கொடுத்தேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். "நல்லா இருக்கு. ஆனா இது இன்னும் உறுதியாகாத பேச்சுன்னு நீங்களே சொல்றீங்க" என்றார். அது உண்மை.  என்னிடம் இருந்த ஒரு பதிலைச் சொல்ல மாட்டேன் என்று சைத்தோனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

துரைசிங்கத்துக்கு உயிர் வந்தது. கதவைத் திறந்து சைத்தோனை அழைத்தார். அவள் வந்து நின்றாள். நல்ல பாஜு குரோங் அங்கி உடுத்திக் கைகளை அதன் மடிப்பில் சேர்த்திருந்தாள்.

"உங்களுக்கு ஏதாவது நோய் உண்டா?" என்றார் அதிகாரி.

அவள் என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன். மேசையில் பார்க்க ஒன்றும் இல்லை. ஆனாலும் விடாமல் பார்த்தேன்.

இரண்டு கைகளும் என் பார்வைக்குள் வந்தன. மேசை மேல் வைத்தாள். முட்டிகள் வீங்கிப் பளபளத்தன.

"காலையில இது மூடாது, துவான்" என்றாள். மூடிக் காட்டப் பார்த்தாள். பாதியில் நின்றது. "பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போட முடியல."

அதிகாரி அந்தக் கைகளைக் குனிந்து பார்த்தார். குமாஸ்தா மட்டும், கோடு காலியாக இருக்கிறதே என்ற கவலையில், நிமிர்ந்து பார்க்காமல் கேட்டான்: "கெத்துருனான்?"

"மெலாயு" என்றாள் சைத்தோன்.

துரைசிங்கம் தன் ஃபைலைத் திறந்தார், மூடினார். உங்கட ஆக்கள் என்று சொல்ல அங்கே அவருக்கு ஆள் இல்லை.

இப்போது அந்தப் பீப்பாய்க்கு மூடியும் குழாயும் பம்பும் இருக்கின்றன. யாரும் குனிந்து ஊற்றுவதில்லை. இதைச் செய்ய அரை நாள்தான் ஆனதாம். என்னையும் சைத்தோனையும் பால் சோதிக்கும் பக்கம் மாற்றிவிட்டார்கள். அவள் விரல்கள் சீக்கிரம் சரியாகிவிட்டன. என் காய்ச்சல் மெல்லமெல்ல ஒழிந்தது. சீட்டில்லாத செல்கள் செத்து முடிந்தனவா, எங்கோ ஒரு ஷிப்டு மறுபடி சீட்டை மாட்டியதா, யாருக்கும் தெரியாது. சுமதியிடம் கேட்டுவிட்டேன்.

போன மாதம் ரத்தம் பார்க்கப் போனேன். துணைக்கு வர வேண்டாம் என்று சொல்லியும் அப்பா வந்தார். கவுண்டரில் அதே பெண். நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்: "கெத்துருனான்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா இரண்டு கைகளையும் கவுண்டரில் ஊன்றி, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இந்தியா ஆடா! நோய் தாக் ஆடா!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.